சிறுகோள்களும் சூரியப் புள்ளிகளும்

விண்வெளியைத் துருவி ஆராய்வதாக அமைந்த கணினி விளையாட்டுகள் இன்று நமது மாணவர் மத்தியிலே பெரிதும் பரவியிருக்கின்றன. நல்லூரிலே மாலை வகுப்பு முடிந்து சைக்கிளை உருட்டிச் செல்லும் பிள்ளைகளின் பேச்சைச் செவிமடுத்தால், சிறுகோள் மண்டலத்தை எங்கே தேடுவது, அதனிடையே கப்பலை மோதாது செலுத்துவது எவ்வாறு, சூரியனிலிருந்து புயல் எழுந்தால் எந்தக் கவசத்தை உயர்த்துவது என்பன அன்றாடச் செய்திகளாகிவிட்டமை புலப்படும். இதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோர் பலர். எனக்கு அந்தச் சுளிப்பு உடன்பாடன்று. விளையாட்டு ஒரு வினாவை எழுப்புமாயின் அவ்வினாவைப் பற்றிக்கொண்டு மேலே செல்வது ஆசிரியனின் கடமை. ஆனால் அப்பிள்ளைகளிடம், சிறுகோளைத் தேடியலைந்த மெய்யான மனிதர் யார், சூரியனின் வானிலையை நாள்தோறும் குறித்து வைத்தவர் யார் என்று கேட்டால், பாலோமர், கிறினிச் எனச் சில மேனாட்டுப் பெயர்களே விடையாக வருகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தையோ, கொடைக்கானலையோ, ஏன், 1871 இல் தம் சொந்த யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்ததையோ அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அந்த வரலாற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு திருத்தம் வேண்டும். 1979 இல் அற்றாரி நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுத் தொடக்கம் இன்றுவரை, திரையிலே சிறுகோள்கள் குவியல் குவியலாக நெருங்கி வந்து மோதுகின்றன. உண்மையில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட அப்பரப்பு பெரும் வெறுமையாகும். அங்குள்ள கோள்கள் அனைத்தையும் திரட்டி உருட்டினாலும் நமது சந்திரனின் நிறையில் நூற்றுக்கு மூன்று பங்கே தேறும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பல இலட்சம் கிலோமீற்றர் தூரம் கிடக்கிறது. 1972 இலும் 1973 இலும் அப்பகுதியை முதன்முதல் ஊடறுத்துச் சென்ற பயனியர் 10 என்னும் கலம் யாதொரு கேடுமின்றி அப்பாற் சென்றது. ஆகவே சிறுகோளைக் கண்டுபிடித்தல் என்பது மோதாமல் தப்பும் வித்தையன்று. இருட்டிலே விளக்கின்றி ஒரு மணலைத் தேடும் பொறுமையாகும்.

அப்பொறுமையின் வகை எத்தகையது? புகைப்படம் வானியலிலே புகுவதற்கு முன்னர், ஆராய்வோன் வானத்தின் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மங்கலான விண்மீன் ஒவ்வொன்றையும் படத்திலே குறிப்பான். அடுத்த இரவும் அதற்கடுத்த இரவும் அதே துண்டைப் படத்தோடு ஒப்புநோக்குவான். ஆயிரம் புள்ளிகளுள் ஒரு புள்ளி சற்றே இடம் பெயர்ந்திருக்குமாயின் அதுவே கோள். 1801 ஆம் ஆண்டின் முதல் நாளிலே சிசிலித் தீவின் பலேர்மோ நகரிலிருந்த பியாசி என்னும் துறவி சீரிஸ் என்னும் கோளைக் கண்டது இவ்வாறு விண்மீன் அட்டவணை ஒன்றைத் தயாரிக்கும் வேலையினிடையே ஆகும். சில கிழமைகளில் அது சூரிய ஒளியிலே மறைந்துவிட, இருபத்துநான்கே வயதான காவுஸ் என்னும் கணிதர் கிடைத்த சில அளவைகளைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தார். அவர் சொன்ன இடத்துக்கு அண்மையிலே ஆண்டிறுதியில் அது மீண்டும் அகப்பட்டது. 1807 க்குள் நான்கு கிடைத்தன. ஐந்தாவதை 1845 இல் கண்டவர் ஹென்கே என்னும் தபால் உத்தியோகத்தர். பல ஆண்டுகள் தனியே தேடியவர். அதன்பின் கதவு திறந்துகொண்டது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1786 இல் கும்பனி உத்தியோகத்தரான வில்லியம் பெற்றி எழும்பூரிலே சொந்தமாக வைத்திருந்த சிறு நோக்குநிலையத்தைக் கும்பனி பொறுப்பேற்று, 1792 இல் நுங்கம்பாக்கத்திலே கட்டடம் எழுப்பிற்று. கருவியைத் தாங்குவதற்குக் கருங்கல் தூண் ஒன்று நிறுத்தப்பட்டது. ஆசியாவிலே கணித விஞ்ஞானங்கள் பிரித்தானியரின் தாராள மனத்தினால் முதன்முதல் நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்னும் கருத்துப்பட, தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதற்குச் சாசனம் பொறிக்கப்பட்டது. ஆரியபட்டர் பிறந்து 1,300 ஆண்டுகள் கழிந்தபின் இவ்வாறு எழுதுவதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும். கப்பலோட்டவும் நிலமளக்கவும் வானியல் கும்பனிக்குத் தேவைப்பட்டது. நெட்டாங்கு சரியாகத் தெரியாவிட்டால் சரக்குக் கப்பல் கரையிலே மோதும். நிலப்படம் இல்லாவிட்டால் வரி தண்ட முடியாது. தாராள மனம் என்பது இத்தேவைக்கு இடப்பட்ட பெயர்.

'முதன்முதல்' என்ற அச்சொல்லைப் பொய்ப்பிக்கும் சான்றை அந்நிலையத்தோடு தொடர்புடைய ஒருவரே தந்திருக்கிறார் என்பது சுவையான செய்தி. ஜோன் வாறன் என்னும் படையதிகாரி 1825 இல் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்ற நூலிலே, புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளை நிலத்திலே பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்த முறையை விவரித்துள்ளார். எழுத்தில்லை, ஏடில்லை. அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கம் பற்றிய கணக்கு 4 நிமிடமே பிசகிற்று; நடுப்பகுதி 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. நொய்கெபவர் என்னும் வரலாற்றறிஞர் 1952 இல் இதனை ஆராய்ந்து, இம்முறைக்கும் பண்டைப் பாபிலோனியர் முறைக்கும் உள்ள உறவை உலகறியச் செய்தார். சந்திரன் தன் வேக வேறுபாட்டை ஒன்பது முறை சுற்றி முடிக்க 248 நாள் ஆகிறது. நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் இதனால் வந்தது. ஆரியச் சக்கரவர்த்திகள் நல்லூரிலே அரசிருந்த காலத்தில் 'செகராசசேகர மாலை' என்னும் சோதிட நூல் எழுந்ததும் இம்மரபை ஆதரித்த சூழலிலேயே.

ஆயினும் பழமையைப் பாராட்டுவதோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே வானியல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. 1829 மார்ச் மாதத்தில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு நேரம் கூறிற்று. செமினரித் தலைவர் டானியல் பூவர் வேறொரு நேரம் கூறினார். ஏறக்குறையக் கால்மணி வேறுபாடு. கிரகணமும் வந்தது, பூவர் சொன்னபடியே வந்தது. அன்றிரவு மாணவரின் உள்ளத்திலே ஏற்பட்ட அதிர்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பூவருக்கோ இது ஒரு மதத்தின் மேல் மற்றொரு மதம் பெற்ற வெற்றி. கால்மணி நேரப் பிழையிலிருந்து கடவுளரின் தோல்வி எவ்வாறு பெறப்படும் என்று அன்று கேட்டோர் உளரோ இலரோ, இன்று நாம் கேட்கலாம். அதே வேளையில் சாத்திரியார் பக்கத்துக் குறையும் வெளிப்படை. வாய்பாடு தந்தையிடமிருந்து மகனுக்கு மனப்பாடமாக இறங்கிற்று. அது எதன்மேல் எழுந்தது என்ற விளக்கம் இறங்கவில்லை. பிழை நேர்ந்தால் எங்கே திருத்துவது என்று அறிய வழியில்லை. சாதிக்குள்ளே பூட்டி வைக்கப்பட்ட அறிவுக்கு நேரும் கதி இதுவே. ஹொய்சிங்ரன் 1848 இல் 'சோதி சாத்திரம்' என்ற வானியல் நூலைத் தமிழிலே தந்தபோது அப்பூட்டு ஓரளவு திறந்தது. ஆனால் 1855 இல் செமினரியே மூடப்பட்டது.

நோர்மன் பொக்சன் சென்னை நோக்குநிலையத் தலைவராகப் பதவியேற்றது 1861 இல். விண்மீன்களின் ஒளிப்படிகளை அளப்பதற்கு இன்றும் உலகெங்கும் கையாளப்படும் விகிதத்தை 1856 இலேயே முன்மொழிந்தவர் அவர். இங்கிலாந்திலிருந்தபோது மூன்று சிறுகோள்களைக் கண்டவர். வந்து சில மாதங்களுக்குள், 1861 ஏப்பிரல் 17 ஆந் திகதி, சென்னை வானத்திலே இடம் பெயர்ந்த ஒரு புள்ளியைப் பிடித்தார். வரிசையிலே 67 ஆவது. ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் அதுவாகையால் 'ஆசியா' என்று பெயரிட்டார். அதன்பின் 1864 இல் சாபோ, 1866 இல் சில்வியா, 1868 இல் கமிலா, 1885 இல் வீரா என மேலும் நான்கு சென்னையிலிருந்து கிடைத்தன. இவற்றுள் சில்வியாவின் பிற்கால வரலாறு வியப்புக்குரியது. 2001 இலும் 2004 இலும் அதனைச் சுற்றும் சிறு சந்திரன்கள் இரண்டு அகப்பட்டன. இரு துணைக்கோள்களை உடையதென அறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. நுங்கம்பாக்கத்துக் கொசுக்கடியிலே ஒரு மங்கற் புள்ளியாகத் தெரிந்தது, 140 ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடும்பமாகத் தெரிந்தது.

'ஆசியா' என்ற பெயர் கண்டத்துக்குக் கிடைத்தது. கண்டத்து மனிதர்க்கு என்ன கிடைத்தது? நோக்குநிலையத்திலே இரவு பகலாக அளவை எடுத்தோருள் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒருவர். பஞ்சாங்கக் கணிதர் குடும்பத்திலே பிறந்து இளம் வயதிலேயே அங்கு வேலைக்குச் சேர்ந்தவர். படிப்படியாக முதல் உதவியாளரானவர். 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். 1872 இல் இலண்டன் அரச வானியற் சங்கத்தின் அங்கத்தவராகத் தெரிவு செய்யப்பட்டார். 1874 இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்காக அந்நிகழ்ச்சியை விளக்கி எழுதிய சிறு நூலை இந்திய மொழிகள் சிலவற்றிலும் வரச் செய்தார். இச்செயலே அவருடைய விண்மீனைக் காட்டிலும் பெரிதென்பது என் கருத்து. கிரகணத்தையும் கடப்பையும் கண்டு அஞ்சும் மக்களுக்கு அவர்கள் மொழியிலே கணக்கைச் சொல்ல வேண்டும் என்று எண்ணிய உத்தியோகத்தர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவர் 1880 இல் காலமானார். பொக்சனின் பெயர் ஒளிப்படி விகிதத்தோடு ஒட்டிக்கொண்டது போல இவர் பெயர் எதனோடும் ஒட்டவில்லை.

பொக்சனின் மகள் ஐசிசின் கதையும் இத்தகையது. மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது தந்தை கண்ட சிறுகோள் ஒன்றுக்கு அவள் பெயர் இடப்பட்டது. வளர்ந்தபின் 1873 முதல் சென்னை நிலையத்திலே கணக்கராக வேலை பார்த்தார். மாதச் சம்பளம் 150 ரூபா. அது வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்காரனுக்கும் வண்டியோட்டிக்கும் ஒத்த ஊதியம் என்று கூறப்படுகிறது. 1886 இல் அரச வானியற் சங்கத்திலே அங்கத்துவத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, சங்கத்தின் சாசனம் ஆண்பாற் சொல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று சட்டம் பேசித் தடுத்தார்கள். அவருக்குக் கதவு திறந்தபோது ஆண்டு 1920. வானத்திலே ஒரு பெண்ணின் பெயரை ஒரு கோளுக்கு இடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. மண்ணிலே ஒரு நாற்காலி இடுவது கடினமாக இருந்தது.

இடையிலே ஒரு சிறு நிகழ்ச்சி. 1872 நவம்பர் 27 ஆந் திகதி இரவு ஐரோப்பாவிலே எரிகற்கள் மழையெனப் பொழிந்தன. சிதைந்துபோன பியேலா என்னும் வால்வெள்ளியின் துகள்களூடே பூமி செல்கிறது என உய்த்துணர்ந்த ஜெர்மானிய அறிஞர் கிளிங்கர்பூஸ், வால்வெள்ளி இனித் தென்வானிலே தெரியும், தேடுக என்று சென்னைக்குத் தந்தியடித்தார். பொக்சன் டிசெம்பர் 2 ஆந் திகதி முகிலின் இடைவெளியிலே தேடினார். ஒரு வால்வெள்ளியும் அகப்பட்டது. அது பியேலாவின் மிச்சந்தானா என்பது பின்னர் ஐயத்துக்குள்ளாயிற்று. ஆனால் விண்ணிலே நிகழ்ந்த ஒன்றைப் பற்றி எச்சரிக்கை ஒன்று கடல் கடந்து ஓடி வந்து ஒருவர் கண்ணைத் திருப்பிய அந்நிகழ்ச்சி, இன்றைய விண்வானிலை அறிக்கைகளின் பாட்டனார் போலத் தோன்றுகிறது.

விண்வானிலை என்னும் சொல் புதிது, பொருள் பழையது. 1859 செப்டெம்பர் 1 ஆந் திகதி இங்கிலாந்திலே கரிங்ரன் என்பவர் சூரியப் புள்ளிக் கூட்டமொன்றின்மேல் திடீரெனப் பேரொளி ஒன்று தோன்றி மறைவதைக் கண்டார். மறுநாள் உலகெங்கும் திசைகாட்டி ஊசிகள் தடுமாறின. தந்திக் கம்பிகளிலே பொறி பறந்தது. அன்று பம்பாய்க் கொலாபா நிலையத்திலே எடுக்கப்பட்ட காந்த அளவைகள் ஏட்டிலே கிடந்தன. 2003 இல் அவற்றை மீண்டும் ஆராய்ந்தபோது, அதுவரை பதியப்பட்டவற்றுள் மிகக் கடுமையான காந்தப்புயல்களுள் ஒன்றின் அளவு அங்கே எழுதப்பட்டிருந்தமை தெரிய வந்தது. பத்திரமாக எழுதி வைத்த ஓர் எண் 144 ஆண்டு காத்திருந்தது.

யாழ்ப்பாணம் இவ்வரலாற்றிலே புகுவது 1871 டிசெம்பர் 12 ஆந் திகதி காலையில். அன்றைய முழுச் சூரிய கிரகணத்தின் நிழற்பாதை மலையாளக் கரையிலே ஏறி, நீலகிரி, புதுக்கோட்டைப் பகுதிகளைக் கடந்து, வட இலங்கை வழியாகச் சென்றது. நோர்மன் லொக்யர் தலைமையிலே இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட குழுவினர் பேக்கல் கோட்டை, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை எனப் பிரிந்து நின்றனர். பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் நீலகிரியிலே நின்றார். பொக்சன் அவினாசியிலே நின்றார். யாழ்ப்பாணத்திலே புகைப்படமும் எடுக்கப்பட்டது. அவர்கள் தேடியது என்ன? சந்திரன் சூரியனை முற்றாக மறைத்த அச்சில கணங்களில் சுற்றிலும் தோன்றும் வெண்ணிற ஒளிமகுடம் சூரியனுக்கே உரியதா, சந்திரனின் விளிம்பிலோ நமது காற்றிலோ தோன்றும் மாயையா என்பது அன்று தீராத வழக்கு. ஒளிமகுடம் சூரியனுக்கே உரியது என்பது அன்றைய அவதானங்களால் வலுப்பெற்றது. அம்மகுடத்தின் வெப்பம் பத்து இலட்சம் பாகையையும் மிஞ்சும் என்பது 1940 ஐ அண்டித் தெளிவாயிற்று. அதிலிருந்து ஓயாது வீசும் துகட்காற்றை 1958 இல் பாக்கர் கணக்கால் நிறுவினார். பிள்ளைகள் விளையாட்டிலே கவசம் உயர்த்தித் தடுக்கும் புயல், அன்று காலை யாழ்ப்பாணத்து வானிலே சில கணம் வெறுங் கண்ணுக்குத் தெரிந்த அந்த வெண்மகுடத்திலிருந்து புறப்படுவதே.

ஐந்தாண்டுகளில் அதே சூரியன் வேறொரு வழக்கிலே சாட்சிக்கு இழுக்கப்பட்டான். தமிழ் மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரும் 1876-78 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்திலே தென்னிந்தியா சுடுகாடாயிற்று. பிரித்தானிய நேராட்சிப் பகுதிகளில் மாத்திரம் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்கள் மடிந்துகொண்டிருந்தபோது, 1877 ஜனவரி முதலாந் திகதி, விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பாரை லிற்றன் பிரபு டில்லியிலே நடத்தினார். நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று றிச்சட் ரெம்பிள் வரையறுத்தார்; அது உயிரைக் காக்காது என்று சென்னைச் சுகாதார அதிகாரி கோணிஷ் வாதாடினார். தானியக் கப்பல்களோ ஏற்றுமதியை நிறுத்தவில்லை.

இந்நிலையிலே அரசாங்கப் புள்ளிவிபரத் தலைவரான ஹன்ரர், சென்னை நோக்குநிலையத்திலே 1813 முதல் குறித்து வைக்கப்பட்ட மழைக்கணக்கை எடுத்து, சூரியப் புள்ளிகள் பெருகிக் குறையும் பதினோராண்டுச் சுழற்சியோடு பொருத்திப் பார்த்தார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழை குறையும், மழை குறைந்தால் பஞ்சம் வரும் என்பது அவர் கண்ட முடிவு. 1877 இல் அவரும் லொக்யரும் சேர்ந்து 'சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்' என்று ஒரு கட்டுரை எழுதினர். யாழ்ப்பாணத்துக்கும் பேக்கலுக்கும் ஆளனுப்பிய அதே லொக்யர்தான்! ஜெவன்ஸ் என்னும் பொருளியலாளர் ஒருபடி மேலே சென்று வணிக நெருக்கடிகளுக்கே சூரியனைப் பொறுப்பாக்கினார்.

இக்கோட்பாட்டை முழு மூடத்தனம் என்று தள்ளிவிடல் தவறு. சூரியனுக்கும் பூமியின் வானிலைக்கும் உறவு தேடியது நியாயமான விஞ்ஞான முயற்சியே. புள்ளிகளின் சுழற்சியைக் கண்டுபிடித்த சுவாபே என்னும் மருந்துக்கடைக்காரர் பதினேழாண்டுகள் நாள்தோறும் சூரியனைப் பார்த்து எண்ணி 1843 இல் வெளியிட்ட உண்மை அது. மழை பற்றிய பொருத்தம் பின்னர் நிலைக்கவில்லை. அப்பஞ்சத்துக்கு மழை பொய்த்த காரணம் பசிபிக் சமுத்திரத்தின் வெப்ப மாற்றம், இன்று நாம் எல் நினோ என்பது. அவ்வுறவின் முதல் நூலிழையை இந்திய வானிலைத் துறைத் தலைவராயிருந்த கில்பேட் வோக்கர் பின்னர் கண்டெடுத்தார். நமக்கு முக்கியமான வினா வேறு. மழை பொய்த்தது வானத்தின் செயல் என்றே வைத்துக்கொள்வோம். களஞ்சியத்திலிருந்த நெல்லின் விலையை உயர்த்தியது எந்தச் சூரியன்? துறைமுகத்துக்குத் தானியம் ஏற்றிச் சென்ற புகைவண்டிப் பாதையை வகுத்தது எந்தப் புள்ளி? ஓர் இறாத்தல் என்ற அளவை எந்தக் கிரகம் விதித்தது? பட்டினி தானியம் இல்லாமையால் மாத்திரம் வருவதன்று, அதனை வாங்கும் ஆற்றல் இழந்தமையால் வருவது என்று அமர்த்தியா சென் 1981 இல் விரிவாக நிறுவினார். கோணிஷின் அறிக்கைகளைப் படித்தவர்க்கு அது அன்றே தெரிந்திருக்கும். கிரகதோஷத்தால் பஞ்சம் வந்தது என்று கூறிய கிராமத்துச் சோதிடரை எள்ளி நகையாடியவர்கள், அதனையே அட்டவணையும் வரைபடமும் போட்டு இலண்டன் சஞ்சிகையிலே அச்சிட்டார்கள்.

தப்பியோர் பலர் கடல் கடந்து மன்னார்க் கரையிலே இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். பஞ்ச ஆண்டுகளில் அவர் தொகை பெருகிற்று. யாழ்ப்பாணத்தையும் அக்காலத்துப் பஞ்சம் விட்டு வைக்கவில்லை. நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதும், அரசாங்க அதிபர் துவைனந்துரையின் நிருவாகத்தைக் கடுமையாகக் கண்டித்ததும் அந்நாட்களிலேயே. நாவலரின் சாதிக் கொள்கையை ஏற்காத நாமும் இதனை மறைத்தல் கூடாது. அவர் காரணத்தை வானத்திலே தேடவில்லை; கச்சேரியிலே தேடினார்.

வரலாற்றின் போக்கு விசித்திரமானது. தவறான அந்தப் புள்ளிக் கோட்பாடு ஒரு நல்ல நிலையத்துக்கு வித்திட்டது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பஞ்சத்தை முன்னறியலாம் என்ற எதிர்பார்ப்பு, இந்தியாவிலே சூரிய நோக்குநிலையம் வேண்டும் என்னும் கோரிக்கைக்கு வலுவூட்டிற்று. பொக்சன் 1891 இல் காலமானபின், பழனிமலைத் தொடரிலே கொடைக்கானல் தெரிவு செய்யப்பட்டு, 1895 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, நூற்றாண்டு திரும்பும் வேளையில் வேலை தொடங்கிற்று. மிச்சி சிமித் முதல் தலைவர். 1909 ஜனவரியிலே ஜோன் எவர்செட், சூரியப் புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலையிலே கண்டார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் மனைவி மேரி, சூரிய விளிம்பிலெழும் தழற்கொழுந்துகளைப் பற்றித் தாமே ஆராய்ந்து எழுதினார். ஐசிசைப் போல அவரும் சம்பளப் பட்டியலின் ஓரத்திலே நின்றவர். அதனினும் மேலாக, 1904 ஐ அண்டித் தொடங்கி நூறாண்டுக்கும் மேலாக, முகிலற்ற ஒவ்வொரு நாளும் கொடைக்கானலிலே சூரியனின் படம் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. கண்ணாடித் தட்டுகளை நனைத்து, உலர்த்தி, எண்ணிட்டு அடுக்கிய உதவியாளர்களின் கைகள் அவற்றிலே தெரியமாட்டா. உலகிலே இத்துணை நீண்ட சூரியப் படத்தொடர் மிகச் சில. இன்று அவை எண்வடிவாக்கப்பட்டு, சூரியனின் நெடுங்கால ஏற்றத்தாழ்வை ஆராய்வோர்க்கு மூலப்பொருளாகியுள்ளன.

இதன் பயன் பற்றிக் கேட்போர்க்கு இரண்டொரு செய்திகள் போதும். 1989 மார்ச் 13 ஆந் திகதி சூரியப் புயலொன்றினால் கனடாவின் கியூபெக் மாகாணத்திலே 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர். 2022 பெப்ரவரியில் ஒரு சாதாரண காந்தக் குழப்பமே புதிதாக ஏவப்பட்ட ஏறத்தாழ நாற்பது செய்மதிகளை வீழ்த்திற்று. 2024 மே மாதப் புயலின் செவ்வொளி லடாக்கின் ஹான்லே வானத்திலும் தெரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் அத்தகைய ஒளி தெரியாது. ஆயினும் நாம் வேறொரு சிறப்பான இடத்திலே வாழ்கிறோம். பூமியின் காந்த மத்தியகோடு தென்னிந்திய முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. அதன்மேல் 100 கிலோமீற்றர் உயரத்திலே பகல்தோறும் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. 1963 நவம்பரில் கேரளத்துத் தும்பா என்னும் மீன்பிடிக் கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு றொக்கெற் ஏவப்பட்டமைக்குக் காரணமே அந்த ஆறு. 2023 செப்டெம்பரிலே ஏவப்பட்ட ஆதித்யா எல் 1 என்னும் கலம், 1871 இல் யாழ்ப்பாணத்திலே சில கணம் கண்ட அம்மகுடத்தை இடையறாது நோக்கும் பொருட்டு, 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலே நிற்கிறது.

இறுதியாக ரகுநாதாச்சாரியிடம் திரும்ப வேண்டும்; ஏனெனில் அவர் தொடங்கிய வழக்கு இன்னும் நம் வீடுகளிலே தீரவில்லை. நோக்குநிலையத்திலே அளந்தறிந்த கோள்நிலைகளைக் கொண்டே பஞ்சாங்கம் எழுதப்பட வேண்டும் என்று அவர் வாதாடி, அத்தகைய பஞ்சாங்கத்தை வெளியிட்டும் வந்தார். கண்ணாற் கண்டதோடு ஒத்துவரும் கணிதம் ஆகையால் அது 'திருக்கணிதம்' எனப்பட்டது. அதிலுள்ள 'திருக்கு' பார்வையைக் குறிக்கும் வடசொல். திருநீறு, திருக்கோயில் என்பவற்றிலுள்ள 'திரு' அன்று. பலர் அதனைப் புனிதக் கணிதம் என்று எண்ணிக்கொள்வது ஒரு வேடிக்கை. யாழ்ப்பாணத்திலே கொக்குவிலிலிருந்து வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவிலிலிருந்து திருக்கணித பஞ்சாங்கமும் வெளிவருகின்றன. 2010 ஜனவரியிலும் 2019 டிசெம்பரிலும் கங்கண கிரகணங்கள் குடாநாட்டின் மேலாகச் சென்றபோது, நேரத்தை அறிய எல்லோரும் நாடியது நவீன வானியற் கணக்கையே. அதைப் பற்றிச் சண்டை எழவில்லை. சண்டை சித்திரையிலேதான். வருடப் பிறப்பு நேரத்தை இரு பஞ்சாங்கங்களும் வெவ்வேறாகக் கூறுகின்றன; மருத்துநீர் வைக்கும் புண்ணிய காலமும் அதனோடு மாறுகிறது. ஒரு வீட்டிலே தாய் ஒன்றைப் பார்க்கிறாள், அடுத்த வீட்டுக்காரர் மற்றதைப் பார்க்கிறார். ஆண்டுதோறும் பத்திரிகைகள் இரண்டு நேரங்களையும் அருகருகே அச்சிடுகின்றன.